கோட்டைக்கு வந்த குடியானவர்: ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்

1949-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சென்னை ராஜதானியின் சரித்திரத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. 2-ந் தேதியன்று, ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சென்னைச் சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் சம்மதம் கிடைத்தது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. 6-ந் தேதியன்று, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சர்க்காரின் தலைவர் பதவியை விட்டு இறங்கினார்.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேரோடியிருந்த ஒரு முறையைச் சாய்த்தவர், தம் வெற்றியை நாற்காலியில் அமர்ந்து அனுபவிக்கவில்லை. சட்டம் நிலைத்தது. சட்டம் கொண்டுவந்தவர் ஊருக்குத் திரும்பினார்.

அவர்தாம் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் தாலுகா மண்ணில் பிறந்த குடியானவர். செல்வமும் செல்வாக்கும் படைத்தவர்கள் சங்கம் கூடி சர்க்காரின் கொள்கையைத் தங்கள் பக்கம் திருப்ப முயல்வது எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் உண்டு. அப்படிப்பட்ட முயற்சிகளுக்கு நடுவே ஒரு முதல் மந்திரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவருடைய இரண்டு ஆண்டு ஆட்சி ஒரு பாடம்.

ஏரியும் கிணறும் கொடுத்த படிப்பு

திண்டிவனத்துக்கு அருகே உள்ள கிராமம் ஓமந்தூர். 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி அங்கே ராமசாமி ரெட்டியார் பிறந்தார். பெரியவளவு என்பது அவர்கள் குடும்பத்தின் அடையாளம். அதனால்தான் ஓ.பி.ஆர். என்ற மூன்றெழுத்து அவருக்குப் பெயராக அமைந்தது.

நிலபுலன் உள்ள குடும்பம். ஆனால் அரண்மனைக் குடும்பம் அல்ல. ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் கிணற்றுப் பாசனம், மானாவாரியில் மல்லாட்டை என்று வானத்தைப் பார்த்து வாழ்கிற பூமி அது. மழை பொய்த்த வருஷத்தில் வரி கட்டுவது எத்தனை கஷ்டம் என்பதைப் புத்தகத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். பட்டம் பெற்று உத்தியோகத்துக்குப் போகவில்லை. விவசாயத்திலேயே நின்றார். காந்தியடிகளின் அழைப்பு நாட்டை உலுக்கியபோது காங்கிரசில் சேர்ந்தார். கதர் உடுத்தினார், சிறை சென்றார், தென்னாற்காடு ஜில்லா முழுவதும் கட்சியை வளர்த்தார். 1930-களின் பிற்பகுதியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

அரசியலில் இருந்தாலும் மனம் வேறு இடத்தில் தோய்ந்திருந்தது. வடலூர் வள்ளலாரிடத்தில் அவருக்கு ஆழ்ந்த பக்தி. திருவண்ணாமலை ரமண மகரிஷியிடத்திலும் அதே பக்தி. விழுப்புரத்தில் ரெயில் மாறினால் ஒரு கிளை திருவண்ணாமலைக்குப் போகும், மறு திசையில் சென்னைக்குப் போகும். ஆசிரமம் ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம். அவருடைய வாழ்க்கையும் கடைசிவரை அந்த இரண்டுக்கும் இடையில்தான் ஓடியது.

மண்டியில் தெரிந்த உண்மை

விழுப்புரமும் திண்டிவனமும் அந்த நாளில் தென்னாற்காடு ஜில்லாவின் தாலுகாத் தலைநகரங்கள். 1993-ல்தான் விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று. இரண்டு ஊர்களுமே சென்னையிலிருந்து தெற்கே போகும் ரெயில் பாதையில் அமைந்தவை. சுற்று வட்டாரத்து நெல்லும் மல்லாட்டையும் வண்டி வண்டியாக இந்த ஊர்களின் மண்டிகளுக்கு வந்து சேரும்.

மண்டியில் ஒரு காட்சியை யாரும் காணலாம். வாங்குகிறவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் அவர்களுக்குள் ஒரு பேச்சு இருக்கும். விலை என்ன, தரகு எவ்வளவு, எடை எப்படி என்பதில் ஒரு கட்டுப்பாடு இருக்கும். விற்க வருகிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனி. வண்டி வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். கடன்காரர் வாசலில் நிற்பார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதைத் தவிரக் குடியானவருக்கு வேறு வழி கிடையாது.

இந்தக் குறையைப் போக்கத்தான் சென்னை சர்க்கார் 1933-ல் வியாபாரப் பயிர்களுக்கான மார்க்கெட் சட்டம் ஒன்றைச் செய்தது. எடையும் தரகும் மேற்பார்வைக்கு உட்பட்ட ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அதன் கீழ் ஏற்பட்டன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அத்தகைய கூடங்கள் பின்னர் அமைந்தன.

சேர்ந்து பேசுகிறவர்களின் குரல் எடுபடும், தனியாகப் பேசுகிறவர்களின் குரல் அமுங்கிவிடும். மண்டிக்குள் நடக்கும் இந்த விஷயம் கோட்டைக்குள்ளும் நடந்தது. அதுவும் சட்டப்படியே நடந்தது!

சட்டசபையில் சங்கங்களுக்கு நாற்காலி

சென்னையில் ஐரோப்பியக் கம்பெனிகளின் தலைவர்கள் கூடி 1836-லேயே வர்த்தக சபை அமைத்துக்கொண்டார்கள். துறைமுகம், சுங்கம், ரெயில் கட்டணம் என்று எந்த விஷயமானாலும் அந்த சபையின் கருத்தைக் கவர்னர்கள் கேட்டார்கள். இந்திய வியாபாரிகளுக்கு அத்தகைய இடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 1909-ல் தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியது. பிட்டி தியாகராயச் செட்டியார் அதன் முதல் தலைவர். நாளடைவில் நாட்டுக்கோட்டை நகரத்தார், தோட்டத் துரைமார், ஜமீன்தார்கள் என்று பலருக்கும் அவரவர் சங்கங்கள் பலம் பெற்றன.

மனுக் கொடுப்பதோடு இந்தச் சங்கங்களின் வேலை முடியவில்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டமும் 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுக்குச் சட்டசபையிலேயே இடம் ஒதுக்கின. 1935 சட்டப்படி சென்னை சட்டசபையில் மொத்தம் 215 இடங்கள். அவற்றில் வர்த்தகத்துக்கும் தொழிலுக்கும் 6, நிலச்சுவான்தார்களுக்கு 6, தொழிலாளர்களுக்கு 6. வர்த்தகச் சங்கத்தின் அங்கத்தினர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஓர் அங்கத்தினரைச் சட்டசபைக்கு அனுப்பலாம்.

பொதுத் தொகுதிகளிலோ எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவர்கள், சொத்து உள்ளவர்கள், படித்தவர்கள் ஆகியோருக்கே ஓட்டு. கூலிக்கு ஏர் பிடிக்கிறவருக்கும் நாற்று நடுகிற பெண்ணுக்கும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை.

ஆறு இடங்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் செல்வாக்கு எண்ணிக்கையில் மட்டுமா இருக்கிறது? 1921 முதல் 1926 வரை சென்னையின் முதல் மந்திரி பனகல் ராஜா. 1930-களில் அதே பதவியில் இருந்தவர் பொப்பிலி ராஜா, ஒரு பெரிய ஜமீனின் அதிபதி. சர்க்காரிடம் மனுக் கொடுக்கிறவரும் மனுவை வாங்குகிறவரும் ஒரே வர்க்கத்தினராக இருந்த காலம் அது.

எதிர்பாராத பதவி

1946 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. ஆந்திர கேசரி பிரகாசம் மந்திரிசபை அமைத்தார். ஓர் ஆண்டுக்குள் கட்சிக்குள் பூசல் மூண்டது. 1947 மார்ச்சில் அவர் விலக நேர்ந்தது. அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு எல்லாப் பிரிவினரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விடையாக ஓமந்தூராரின் பெயர் முன்வந்தது. காமராஜரின் ஆதரவும் இருந்தது. பதவியை நாடாத ரெட்டியார் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

1947 மார்ச் 23-ந் தேதி அவர் பதவியேற்றார். மாகாணத் தலைவரைப் பிரதம மந்திரி என்று அழைத்த காலம் அது. விசாகப்பட்டினம் முதல் திருநெல்வேலி வரை, பல்லாரி முதல் மலையாளக் கரை வரை நான்கு மொழி பேசும் பெரிய ராஜதானி. ஐந்து மாதத்தில் சுதந்திரம் வந்தது. சுதந்திர தினத்தன்று சென்னை சர்க்காரின் தலைமையில் இருந்தவர் திண்டிவனம் தாலுகா விவசாயி!

1802-ல் போட்ட முடிச்சு

பதவியேற்றதும் அவர் முன் நின்ற பெரிய பிரச்னை ஜமீன்தாரி முறை.

அந்த முறை என்ன? 1802-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானியின் பல பகுதிகளில் நிரந்தரக் கட்டுப்பாடு செய்தது. ஜமீன்தார் கம்பெனிக்கு ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்னும் தொகையைக் கட்ட வேண்டும். அந்தத் தொகை என்றென்றைக்கும் மாறாது. ஆனால் ஜமீன்தார் குடிகளிடம் வசூலிக்கும் வாரம் அப்படி நிற்கவில்லை. அது ஏறிக்கொண்டே போயிற்று. கொடுப்பது நிலையானது, வாங்குவது வளர்வது. நடுவில் தங்கியது ஜமீனின் செல்வம். ராமநாதபுரம், சிவகங்கை, வெங்கடகிரி, பித்தாபுரம், பொப்பிலி, விஜயநகரம் என்று ராஜதானியின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு இருந்தது.

தென்னாற்காட்டில் பெரும்பகுதி ரயத்துவாரி. குடியானவர் நேரே சர்க்காருக்கு வரி கட்டி, தம் பெயரில் பட்டா வைத்திருப்பார். ஓமந்தூரார் பட்டாவின் அருமையை அறிந்தவர். பட்டா உள்ளவர் தாசில்தாரிடம் முறையிடலாம். பட்டா இல்லாத ஜமீன் குடி யாரிடம் போவார்? ஏரி தூர்ந்தால் ஜமீனைக் கேட்க வேண்டும். ஜமீன் செய்யாவிட்டால் வயல் காய வேண்டியதுதான்.

1908-ல் ஒரு சட்டம் வந்து ஜமீன் குடிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு அளித்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை பிரகாசத்தின் தலைமையில் விசாரணைக் கமிட்டி ஒன்றை அமைத்தது. மண்ணின் சொந்தக்காரர் குடியானவரே என்று அந்தக் கமிட்டி 1938-ல் முடிவு கூறியது. ஆனால் சட்டம் வருவதற்குள் யுத்தம் வந்தது. 1939-ல் மந்திரிசபையே ராஜினாமாச் செய்தது. குடியானவர் மேலும் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

ஜமீன்தார்களின் வாதம்

ஜமீன்தார்கள் சும்மா இருக்கவில்லை. நிலச்சுவான்தார் சங்கங்கள் கூடின. மகஜர்கள் பறந்தன. தேர்ந்த வக்கீல்கள் வாதங்களைத் தொகுத்தார்கள்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1802-ல் சர்க்கார் எழுதிக் கொடுத்த வாக்கை சர்க்காரே மீறலாமா என்று கேட்டார்கள். ஜமீன்களின் ஆதரவில் நடந்த பள்ளிக்கூடங்களும் கோயில்களும் தர்மங்களும் என்னவாகும் என்று கேட்டார்கள். சொத்தை எடுத்தால் போதிய நஷ்ட ஈடு வேண்டும் என்று வாதாடினார்கள்.

ஓமந்தூரார் சர்க்கார் அவசரப்படவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. முதலில் 1947-ல் வாரக் குறைப்புச் சட்டம் வந்தது. ஜமீன் குடிகள் கட்டும் வாரத்தை அக்கம்பக்கத்து ரயத்துவாரி நிலத்தின் வரியோடு ஒப்பிட்டுக் குறைப்பது அதன் நோக்கம். குடியானவரின் சுமை உடனே இறங்க அது வழி செய்தது. அதன் பிறகு மூலத்தையே அகற்றும் மசோதா வந்தது. வருவாய் மந்திரி காளா வெங்கடராவ் அதற்குப் பொறுப்பேற்றார். 1948-ஆம் ஆண்டின் 26-வது சட்டமாக அது உருப்பெற்றது.

சட்டத்தின் வேலை இதுதான். சர்க்கார் ஒரு தேதியை அறிவிக்கும். அன்றைய தினம் ஜமீன் முழுவதும், அதிலுள்ள ஏரி, காடு, புறம்போக்கு உள்பட, சர்க்கார் வசமாகும். உழுத குடிக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்கும். ஜமீன்தார் தம் சொந்தப் பண்ணை நிலத்தைப் பட்டாவில் வைத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டதற்கு நஷ்ட ஈடு உண்டு.

அந்த நஷ்ட ஈட்டுக் கணக்கில்தான் சட்டத்தின் நியாய புத்தி தெரிகிறது. ஜமீனின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு ஓர் அடிப்படைத் தொகை நிர்ணயிக்கப்பட்டது. சின்னஞ்சிறு ஜமீனுக்கு அந்தத் தொகையைப் போல் 30 மடங்கு. ஜமீன் பெரிதாகப் பெரிதாக மடங்கு குறையும். மிகப் பெரிய ஜமீனுக்குப் பன்னிரண்டரை மடங்குதான். பறிமுதல் என்று யாரும் பழிக்க முடியாது. பெரியவருக்கு ஒரு நீதி, சிறியவருக்கு ஒரு நீதி என்றால், இங்கே அந்த வித்தியாசம் சிறியவருக்குச் சாதகமாக இருந்தது.

வருமானம் போனாலும் மதுவிலக்கு

ஜமீன்தார்களோடு மட்டும் அவர் சர்க்கார் மோதவில்லை. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ந் தேதி காந்தி ஜெயந்தியன்று ராஜதானி முழுவதற்கும் விரிந்தது. கள்ளுக்கடை, சாராயக்கடை ஏலத்தால் வந்த பெரும் வருமானம் நின்றது.

அந்த இடத்தை நிரப்பியது விற்பனை வரி. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியை 1939-ல் கொண்டுவந்தது சென்னை ராஜதானிதான். அன்று முதல் வியாபாரிகளுக்கு அதில் அதிருப்தி. கணக்கு எழுதும் தொல்லை, அதிகாரிகளின் சோதனை, சிறு கடைக்காரரின் கஷ்டம் என்று அவர்கள் சொன்ன குறைகளில் உண்மையும் இருந்தது. ஆனாலும் சாராயக் காசில் பள்ளிக்கூடம் நடத்துவதைவிட வியாபாரத்தில் ஒரு பங்கு கேட்பது மேல் என்பதே அந்த ஆட்சியின் நிலை.

1947-ல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டம் ஹரிஜனங்களுக்குக் கோயில் கதவைத் திறந்தது. அதே ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடிய விஷயம் அது. உத்தியோக ஒதுக்கீட்டிலும் 1947-ல் மாற்றம் வந்தது. 14 இடங்களுக்கு ஒரு வரிசை வகுத்து, பின்தங்கிய இந்துக்களுக்கென்று முதன்முறையாகத் தனியாக 2 இடம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் ஏதோ ஒரு பகுதியினருக்கு மனக்கசப்பு. அந்தக் கசப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

தானாகக் கொடுத்த செல்வர்

செல்வர்கள் எல்லோரும் எதிர்த்தே நின்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மகாகவி பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாட்டு நாட்டுக்குப் பொதுவாக வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஓமந்தூரார் சர்க்கார் அந்தக் கோரிக்கையை ஏற்றது. செட்டியார் தம் உரிமையைப் பணம் எதுவும் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு சர்க்கார் பணம் வழங்கியது. 1949 மார்ச்சில் பாரதியின் நூல்கள் பொதுச் சொத்தாயின. ஓமந்தூரார் பதவியில் இருந்த கடைசி நாட்களில் நடந்த காரியம் இது.

கேட்கிற முறையில் கேட்டால் கொடுக்கிற செல்வரும் உண்டு என்பதற்கு இது சாட்சி.

கொல்லைப்புறத்தை மூடினார்

யுத்த காலத்தில் தொடங்கிய கட்டுப்பாடுகள் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தன. அரிசிக்கு அனுமதி, துணிக்கு அனுமதி, இரும்புக்கு அனுமதி, பஸ் ஓட்ட அனுமதி. ஒரு கையெழுத்து ஒருவரைப் பணக்காரராக்கிவிடும். அதனால் கையெழுத்தைத் தேடி வருகிறவர்களின் கூட்டம் பெருகியது. சிபாரிசுக்கு மதிப்பு ஏறியது.

ஓமந்தூரார் சிபாரிசை வெறுத்தார். உத்தியோகஸ்தர் மாற்றத்திலும் அனுமதிச் சீட்டிலும் சட்டசபை அங்கத்தினர்கள் தலையிடுவதை அவர் விரும்பவில்லை. சங்கம் மகஜர் கொடுத்தால் வாசல் வழியாக வரட்டும், பலர் அறியக் கொடுக்கட்டும், பதிலும் பலர் அறியக் கிடைக்கும். இரவில் தனியாக வருகிறவருக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. உறவினர், ஊர்க்காரர் என்ற சலுகையும் கிடையாது. கறாரானவர், கண்டிப்பானவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

அந்தக் கண்டிப்புக்கு மறுபக்கமும் இருந்தது. 1947-ல் வந்த பொது அமைதிச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அவர் ஆட்சி கடுமையாகப் பயன்படுத்தியது. கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கத்தாரும் சிறைக்குச் சென்றார்கள். 1948-ல் பள்ளிகளில் ஹிந்தி புகுத்தப்பட்டதை எதிர்த்துப் பெரியார் தலைமையில் பெரிய கிளர்ச்சி நடந்தது. சங்கம் கூடிய செல்வரிடம் அஞ்சாத சர்க்கார், சங்கம் கூடிய தொழிலாளியிடம் இன்னும் பரிவாக நடந்திருக்கலாம் என்ற குறை அந்த ஆட்சிக்கு உண்டு.

கடைசியில் அவரை வீழ்த்தியவர்கள் யார்? ஜமீன்தார்களா? வர்த்தக சபைகளா? இல்லை. சொந்தக் கட்சிக்காரர்களே. எங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை என்று காங்கிரஸ் சட்டசபைக் கட்சியில் மனத்தாங்கல் மூண்டது. கட்சியின் ஆதரவு நழுவியது. ஓமந்தூரார் பேரம் பேசவில்லை. 1949 ஏப்ரல் 6-ந் தேதி விலகினார். ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா அவருக்குப் பின் பதவியேற்றார். ஜமீன்களைக் கையேற்கும் வேலை அவர் காலத்தில் நடந்தது.

சட்டம் நின்றது

ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குச் சென்றார்கள். நாடெங்கும் இதே போன்ற வழக்குகள் நடந்தன. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு ஆபத்து வந்தது. 1951-ல் பார்லிமெண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் செய்து ஒன்பதாவது அட்டவணையை ஏற்படுத்தியது. அதில் இடம்பெற்ற சட்டங்களைச் சொத்துரிமையின் பேரால் கோர்ட்டு தள்ள முடியாதபடி பாதுகாப்பு ஏற்பட்டது. அந்த முதல் பட்டியலில் இடம்பெற்ற 13 சட்டங்களில் சென்னையின் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டமும் ஒன்று.

1952-ல் வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு என்ற முறையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வர்த்தக சபைக்கும் நிலச்சுவான்தாருக்கும் சட்டசபையில் ஒதுக்கிய நாற்காலிகள் அத்துடன் மறைந்தன. ஏர் பிடித்தவருக்கும் மில் முதலாளிக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு.

ஆனால் எல்லாக் குறையும் தீர்ந்ததா? இல்லை. ஜமீன் குடிக்குப் பட்டா கிடைத்ததே தவிர, பட்டாதாரரின் நிலத்தில் குத்தகைக்கு உழுதவருக்கும் கூலிக்கு உழைத்தவருக்கும் இந்தச் சட்டத்தால் நிலம் கிடைக்கவில்லை. இனாம் ஒழிப்பு, நில உச்சவரம்பு என்று அடுத்தடுத்த சட்டங்கள் 1960-களில் வர வேண்டியிருந்தது.

சங்கங்களும் ஒழிந்துவிடவில்லை. ஒழிய வேண்டிய அவசியமும் இல்லை. 1944-ல் டாட்டா, பிர்லா முதலிய தொழிலதிபர்கள் சேர்ந்து 10,000 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுத் திட்டம் ஒன்றை நாட்டின் முன் வைத்தார்கள். பம்பாய்த் திட்டம் என்று அது பெயர் பெற்றது. பலர் அதை ஆதரித்தார்கள், பலர் எதிர்த்தார்கள். ஆனால் எல்லோரும் அதைப் படித்தார்கள். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளின் தலைமை நிர்வாகிகள் மட்டுமே அங்கத்தினராகக் கூடும் வட்டமேசைச் சங்கம் ஒன்று 1972-ல் தோன்றியது. வரி, தொழிலாளர் சட்டம், வெளிநாட்டு வியாபாரம் என்று வாஷிங்டனின் கொள்கைகளில் அதன் செல்வாக்கு பெரிது. இந்தியாவிலும் பட்ஜெட் காலம் வந்தால் வர்த்தக சபைகள் நிதி மந்திரியைச் சந்தித்துத் தங்கள் கோரிக்கைகளைக் கொடுக்கின்றன. தொழில் நடத்துகிறவருக்குத்தான் தொழிலின் கஷ்டம் தெரியும். அவர் சொல்வதை சர்க்கார் கேட்கத்தான் வேண்டும்.

கேட்பது வேறு, கட்டுப்படுவது வேறு. பகலில் கொடுக்கும் மகஜர் வேறு, இரவில் கொடுக்கும் சிபாரிசு வேறு. அந்த வேற்றுமையை ஓமந்தூரார் அறிந்திருந்தார். அதற்கு உரிய விலையாகப் பதவியைக் கொடுக்கவும் அவர் தயங்கவில்லை.

வடலூர் வழி

பதவி போன பிறகு அவர் கட்சி சேர்க்கவில்லை, பழி தீர்க்கவும் முயலவில்லை. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரி ஓமந்தூருக்கு அண்டை நாடு போல. அந்தப் புதுச்சேரியின் விடுதலை இயக்கத்துக்குத் துணை நின்றார். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. பிறகு வள்ளலாரின் வடலூரே அவருக்கு வீடாயிற்று. ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் கல்வியும் உணவும் அளிக்கும் தொண்டில் மனத்தைச் செலுத்தினார். 1970 ஆகஸ்டு 25-ந் தேதி தமது 75-வது வயதில் காலமானார்.

சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரால் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இருக்கிறது. 2014 முதல் அங்கே பெரிய அரசினர் ஆஸ்பத்திரி நடக்கிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஏழை மக்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். பிறந்த ஊரில் மணிமண்டபம் இருக்கிறது.

ஆனால் அவருடைய உண்மையான ஞாபகச் சின்னம் சென்னையிலும் இல்லை, ஓமந்தூரிலும் இல்லை. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஒரு காலத்தில் ஜமீன் குடிகளாயிருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் வீட்டுப் பெட்டியில் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறார்கள். அதில் நிலத்தின் சர்வே நம்பர் இருக்கிறது. பாட்டனாரின் பெயர் இருக்கிறது. அந்தப் பட்டாதான் அது.